புதுப்பிப்பு: அது 381 மி.மீ. பீரங்கி அல்ல

சென்ற மாதம் பழைய இத்தாலியப் போர்க்கப்பல் புகைப்படம் ஒன்றைப் போட்டு, முன்தளத்தில் இருப்பவை லித்தோரியோ என்ற போர்க்கப்பல் வகையின் 381 மி.மீ. (குழலின் உள்விட்டம்) பீரங்கிகள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தவறு. குழலின் பருமனைப் பார்த்து மயங்கிவிட்டேன், எண்ணிப் பார்க்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கோபுரங்களில் கீழே இருப்பதில் மூன்று குழல்கள். அதன் பின்னால் உயரத்தில் இருப்பதில் இரண்டுதான். லித்தோரியோவில் எல்லாக் கோபுரங்களிலும் மும்மூன்று. இந்தக் 'கீழே மூன்று, மேலே இரண்டு' அமைப்பு கவூர், துயிலியோ வகைகளுடையது. 1933க்கும் 1940க்கும் இடையே அவற்றைப் புதுப்பித்தபோது நடுக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, 305 மி.மீ. குழல்களின் உட்புறத்தைக் குடைந்து 320 ஆக்கினார்கள். பதின்மூன்று பீரங்கிகள் பத்தாயின.

இரண்டில் எது? பக்கவாட்டுச் சிறு கோபுரங்கள் காட்டிக்கொடுக்கின்றன. கவூரில் 120 மி.மீ. இரட்டைக் குழல்கள், துயிலியோவில் 135 மி.மீ. மூன்று குழல்கள். படத்தில் மூன்று. ஆக, இது துயிலியோ, அல்லது அதன் சகோதரக் கப்பல் அந்திரேயா தோரியா.

இன்னொன்று. முன்தளத்தின் சாய்ந்த பட்டைகளைப் படச்சுருளின் கீறல் என்றே நினைத்திருந்தேன்! சொந்த விமானங்களே குண்டு போட்டுவிடாதிருக்க இத்தாலியர்கள் 1940 கோடையில் பூசத் தொடங்கிய சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அவை. படத்தின் பின்புறம் பென்சிலில் '1938' என்று எழுதியிருக்கிறது. அதையும் அடித்துவிட்டேன்.