எம்.எம். 540: 45-ஐத் தாண்டினால் முன்சக்கரம் உதறுகிறது, 4x4 லீவரும் விடமாட்டேன் என்கிறது

கண்டனூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி மஹிந்திரா எம்.எம். 540, 1989 மாடல், பெஜோ டீசல் இன்ஜின் (2112 சி.சி.), நாலு கியர். தேவகோட்டைப் பக்கம் ஒருவரிடம் வாங்கினேன். அவரே முன்பக்கம் நீளமான சாக்கிள் (கமான் பட்டையைச் சேஸிஸோடு கோக்கும் இணைப்பு) போட்டுத் தூக்கி வைத்திருந்தார், டயரும் மாற்றியிருந்தார். எனக்கு வண்டி தோப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கண்மாய் உள்வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். மலையேறுகிற ஆசையெல்லாம் இல்லை. நம் பக்கம் பிரான்மலையை விட்டால் ஏறுவதற்கு மலை ஏது?

இரண்டு தொல்லை. ஒன்று, தார் ரோட்டில் 45-ஐத் தொட்டு ஒரு பள்ளத்தில் விட்டால் போதும், முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்கும். இரண்டு, கண்மாய்ச் சேற்றுக்கு 4x4 போட்டு ரோடு ஏறியபின் லீவரைத் திருப்பி எடுத்தால் வரவே வராது. காலால் மிதித்தும் பார்த்தேன். அப்புறம் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது ‘டக்’ என்று தானாக விட்டது.

காட்டிய பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸ் மாற்றி, ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்கிறார்கள். முன்னால் தூக்கி இருப்பதால் பின்னாலும் தூக்கிவிட்டால் சமமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா?

ரஸ்தா:

பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள் தம்பி. நாலு டயரும் ஒரே அளவா? பக்கவாட்டில் எழுதியிருப்பதை அப்படியே போடுங்கள்.

கண்டனூர்க்காரன்:

முன்னால் இரண்டும் 7.00-16, புதுசு. பின்னால் 6.00-16, பழசு.

ரஸ்தா:

இரண்டாவது தொல்லைக்கு விடை கிடைத்துவிட்டது.

லேத் பட்டறை:

ரஸ்தா அண்ணன் ஒரு வரியில் முடித்துவிட்டார், நான் கொஞ்சம் விரிக்கிறேன். இந்த ஜீப்புகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) கிடையாது. 4x4 போட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும். நாலு டயரும் ஒரே அளவாக இருந்தாலே, வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போகப் பார்க்கும், பின்சக்கரம் குறைவாகப் போகும். சேற்றில், மணலில் அந்த வித்தியாசம் டயர் வழுக்கிச் சரியாகிவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு முழுக்க ஷாஃப்டிலும் கியரிலும் ஏறி உட்காரும். உங்கள் வண்டியில் முன் டயர் பெரிது என்பதால் வளைவே வேண்டாம், நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறும். பல் பல்லோடு அப்படி இறுகி நிற்கும்போது லீவர் எப்படி வரும்? ரிவர்ஸ் எடுத்தபோது முறுக்கு எதிர்ப்பக்கம் அவிழ்ந்தது, விட்டுவிட்டது.

சாக்பீஸால் டயரிலும் தரையிலும் ஒரு கோடு போட்டு, டயர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை வண்டியைத் தள்ளி டேப்பால் அளந்து பாருங்கள். முன்னால் தனி, பின்னால் தனி. காற்று சரியாக இருக்கட்டும்.

லீவரைக் காலால் மிதிக்க வேண்டாம். உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸை இறக்க வேண்டிவரும். அடுத்த முறை மாட்டினால் நேராக நாலைந்து அடி ரிவர்ஸ் எடுங்கள். லாக் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் அதை ‘ஃப்ரீ’ பக்கம் திருப்பினாலும் முறுக்கு விடும். எதுவும் கேட்கவில்லை என்றால் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கும்போது அந்தச் சக்கரம் சட்டென்று சுற்றும், கையை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பழைய இரும்பு:

முதல் தொல்லைக்கு வருகிறேன். ஸ்டியரிங் பாக்ஸ் தேய்ந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாக்ஸ் தேய்ந்தால் வண்டி அலையும், கையில் ஃப்ரீ பிளே தெரியும். பள்ளத்தில் விட்டதும் இரண்டு சக்கரமும் சேர்ந்து தாமாக உதற ஆரம்பித்து நிற்காமல் போவது வேறு நோய். அதற்கு மூன்று இடம் பார்க்க வேண்டும்: கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங், டை ராட் எண்ட் (இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), காஸ்டர் கோணம். உங்கள் வண்டியில் மூன்றாவது மேல்தான் எனக்குச் சந்தேகம். காரணம் அந்த நீள சாக்கிள்.

இந்த ஜீப்புகளில் முன் கமான் பட்டையின் சாக்கிள் முன்முனையில் இருக்கும், பின்முனை சேஸிஸில் நிலையாகப் பின் போட்டிருக்கும். சாக்கிளை நீட்டினால் பட்டையின் முன்முனை மட்டும் கீழே இறங்கும். பட்டையோடு ஆக்சிலும் முன்னால் கவிழும். கிங்பின்னின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், அதுதான் காஸ்டர். சைக்கிளில் கையை விட்டாலும் நேரே ஓடுவதற்கு முன் ஃபோர்க்கின் அந்தச் சாய்வும் ஒரு காரணம். இங்கே சாக்கிள் நீண்டதும் சாய்வு குறைந்து, சக்கரத்துக்குத் தானாக நேரே திரும்புகிற புத்தி போய்விட்டது. அதன்மேல் கனமான 7.00 டயர் வேறு. ஒருமுறை ஆடத் தொடங்கினால் எது நிறுத்தும்?

பார்க்கும் முறை இது. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் நிற்கவில்லை என்றால் கிங்பின். அதற்கப்புறம் சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாக இடம் வலம் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு டை ராட் எண்டிலும் கையை வையுங்கள். தேய்ந்தது எது என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும்.

காஸ்டருக்கு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) மேலே உள்ள கிங்பின் மூடியைத் துடைத்துவிட்டு, மட்டப்பலகையோ போனில் உள்ள மட்டமோ முன்பின்னாக வைத்துப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். பழைய ஜீப்புகளுக்குச் சுமார் 3 டிகிரி.

சிங்கம்புணரி:

எனக்கும் இதே உதறல் இருந்தது. டேம்பர் போட்டேன், நின்றது. ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்?

பழைய இரும்பு:

நிற்கும் அண்ணே, கொஞ்ச நாளைக்கு. உதறுகிற சக்தி எங்கேயும் போகவில்லை, அந்த டேம்பரும் அதைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டும் வாங்கிக்கொள்கின்றன. கிங்பின் தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாமல். எல்லாம் சரிசெய்தபின் கடைசியில் டேம்பர் போட்டால் நான் தடுக்கமாட்டேன்.

சிங்கம்புணரி:

அதுவும் சரிதான். நானும் ஒருநாள் தூக்கிப் பார்க்கிறேன்.

ரஸ்தா:

பின்னாலும் தூக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். நம் ஊர்க் கண்மாயில் வண்டி மாட்டுவது உயரம் போதாமல் இல்லை, டயர் பிடிப்பு போதாமல். மேலே செம்மண்ணும் சரளையும் தண்ணீரை விட்டுவிடும், பெரிய சிக்கல் இல்லை. உள்வாயில் இருக்கும் வண்டல்தான் டயர் பள்ளத்தை அடைத்து வழவழப்பாக்கிவிடும். அங்கே லோ ரேஞ்ச் போட்டு இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போகிறவன் கரையேறுவான், ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவன் ஹவுசிங்வரை புதைவான். காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் இன்னும் பிடிக்கும். ஆனால் ரோடு ஏறியதும் திரும்ப ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே உதறலைக் கூட்டும். கைப்பம்பு ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும், கூடவே ஸ்பேர் ட்யூபும். சீமைக்கருவேல முள்ளுக்குப் புது டயர், பழைய டயர் என்ற பேதமெல்லாம் தெரியாது.

இன்னொன்று. மடையோரமாகக் கரைமேல் ஈரத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். கரை அறுத்துக்கொண்டால் ஊரே வந்து நிற்கும், நியாயமாகத்தான் நிற்கும்.

ஆர்.சி. புத்தகம்:

டயர் அளவு, தூக்குவது பற்றிப் பேசுவதால் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 1989 வண்டி என்றால் 15 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துத்தான் ஓட்ட வேண்டும். ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது தூக்கிய வண்டி ஒரு பார்வையிலேயே தெரியும். பழைய சாக்கிளுக்கே திரும்பினால் இந்தக் கவலையில் பாதி போய்விடும்.

கண்டனூர்க்காரன்:

எல்லாம் பார்த்துவிட்டேன், மிக்க நன்றி.

சாக்பீஸ் அளவு: பின் டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 28 செ.மீ., முன் டயர் 2 மீட்டர் 41 செ.மீ. ஒரு சுற்றிலேயே 13 செ.மீ. வித்தியாசம்!

வலது சக்கரத்தில் மேலும் கீழும் ஆட்டம், பிரேக் மிதித்தாலும் இருக்கிறது. இடதில் மிகக் கொஞ்சம். இடப்பக்க டை ராட் எண்டில் கை வைத்தால் ‘டக் டக்’ என்று தெரிகிறது. காஸ்டர் போன் மட்டத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம், வலதில் பூஜ்யத்துக்கும் கீழே முன்னால் சாய்ந்திருப்பதுபோல் காட்டுகிறது. லாக் ஹப் இல்லை.

கிங்பின்னுக்கு சிம் (மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய தகடு) மட்டும் எடுத்தால் போதுமா, பேரிங்கே மாற்ற வேண்டுமா? காஸ்டருக்கு, ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவில் ஆப்புப் பட்டை வைக்கச் சொல்கிறார் இன்னொரு மெக்கானிக்.

லேத் பட்டறை:

13 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 6 சதவீதம். நாலு டயரையும் ஒரே அளவாக்கும்வரை ரோட்டில் 4x4 தொடவே தொடாதீர்கள். சேற்றில் போட்டாலும் கெட்டித்தரை வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். முதலில் போவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸாக (ஷாஃப்டின் மூட்டு) இருந்தால் அதிர்ஷ்டம், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் என்றால் பர்ஸ் காலி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 7.00 இரண்டையும் விற்றுவிட்டு 6.00-16 வாங்குவேன். இந்த வரிசை ஜீப்புகளுக்குப் பழகிய அளவு அது, ஒடுக்கமான டயர் நம் சேற்றை அறுத்துக்கொண்டு அடிக்கெட்டியைத் தொடும்.

பழைய இரும்பு:

பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் சிம்மைத் தொடாதீர்கள். கிங்பின் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், அவ்வளவுதான். அதனால் வண்டி நேரே ஓடும் நிலையில் ரோலர்கள் நிற்கிற இடத்தில் கப் (பேரிங்கின் வெளி வளையம்) குழிந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நகத்தால் வருடினால் கோடு கோடாகத் தட்டும். அந்தக் கோடு இருக்கிற கப்பை வைத்துக்கொண்டு சிம் எடுத்து இறுக்கினால், நேரே ஓடும்போது சரியாக இருப்பதுபோல் தெரியும், திருப்பும்போது இறுகிப் பிடிக்கும். கோடு இருந்தால் மேலும் கீழும் பேரிங், கப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பூட்டும்போது சிம் மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கட்டும். ஒரே பக்கம் குவித்தால் நக்கிள் ஆக்சிலுக்கு நடுவில் நிற்காது. டை ராடைக் கழற்றி, சீலையும் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் ஆர்மில் கொக்கித் தராசை மாட்டி இழுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே பாரத்தில் வரவேண்டும். எவ்வளவு பாரம் என்பதை உங்கள் ஆக்சிலுக்கான மேனுவலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கின் கை அளவை நம்ப வேண்டாம்.

ஆப்புப் பட்டை வேண்டாம். நீள சாக்கிளை வைத்துக்கொண்டு ஆப்பு வைத்தால் காஸ்டர் வரும், ஆனால் ஆக்சில் திரும்பும்போது பினியன் மூக்கும் சேர்ந்து கீழே போகும், கிராஸ் கோணம் கெடும். கம்பெனி அளவிலான பழைய குட்டை சாக்கிளுக்கே திரும்பிவிட்டு மறுபடி மட்டம் வைத்துப் பாருங்கள். பட்டை படுத்திருந்தால் வளைவு ஏற்றி வாங்கலாம். புஷ்ஷும் பாருங்கள், வலதுபக்கம் மட்டும் அதிகமாகக் கவிழ்ந்திருப்பதற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

கண்டனூர்க்காரன்:

பழைய அளவு சாக்கிள், புதுப் புஷ், இரண்டு பக்கமும் கிங்பின் பேரிங், டை ராட் எண்ட் எல்லாம் முடிந்தது. வலது கீழ்க் கப்பில் நீங்கள் சொன்ன கோடு அப்படியே இருந்தது, மெக்கானிக்கே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் புதுசை எடுத்து வந்தார். காஸ்டர் இப்போது இரண்டு பக்கமும் இரண்டரைக்கு மேல் காட்டுகிறது. நாலும் 6.00-16. காரைக்குடி ரோட்டில் 60 வரை பார்த்தேன், பள்ளத்தில் விட்டும் உதறவில்லை. டேம்பர் போடவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். வலது நக்கிளிலிருந்து எண்ணெய் கசிந்து டயரின் உள்பக்கம் நனைகிறது. புது சீல்தான் போட்டார்கள்.

பழைய இரும்பு:

நக்கிள் உருண்டையைத் துடைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஓரம்வரை திருப்பி நகத்தால் தடவுங்கள். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. லேசான குழி என்றால் நைஸ் எமரி போட்டுத் தேய்த்து, கியர் ஆயிலுக்குப் பதில் பாதி இளகிய கிரீஸ் போட்டால் பெரும்பாலும் அடங்கும். முழுக் கெட்டி கிரீஸ் போடாதீர்கள், அது ஜாயிண்டுக்குள் இறங்கி மசகு தராது.

அதற்கும் முன்னால் டிஃபரன்ஷியல் பிளக்கைத் திறந்து லெவல் பாருங்கள். அங்கே குறைந்து, நக்கிளில் நிரம்பி வழிந்தால் கசிவு வெளி சீலில் இல்லை, ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் உள் சீல் போயிருக்கிறது. ஹவுசிங் மேலிருக்கிற பிரீதரையும் (காற்றுப் போக்கி) கழற்றி ஊதிப் பாருங்கள். கண்மாய்ச் சேறு அதை அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். தண்ணீரில் இறங்கும்போது குளிர்ந்து உள்ளே இழுக்கவும் செய்யும், அப்போது எண்ணெய் பால் நிறத்தில் இருக்கும்.

கண்டனூர்க்காரன்:

பிரீதர் மண்ணால் கல்லாகிக் கிடந்தது அண்ணே, கம்பியால் குத்தித்தான் எடுத்தேன். எண்ணெய் நிறம் மாறவில்லை. டிஃபரன்ஷியல் லெவல் ஒரு விரல் குறைவு.

பழைய இரும்பு:

லெவலை நிரப்பி, நக்கிளில் கூடுதலாக இருப்பதை வடித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி பாருங்கள். மறுபடி அங்கே குறைந்து இங்கே ஏறினால் உள் சீலுக்கு ஆக்சிலை உருவ வேண்டும். இல்லையென்றால் பிரீதரோடு முடிந்தது.