அம்மம்மா சொல்லும் வீடும் பாடப் புத்தகத்து வீடும் ஒரே சொல்லா?

சம்பூர்ப் பேத்தி:
மகள் தரம் பத்து. நேற்று இரவு சைவநெறிப் பாடத்துக்கு அறம், பொருள், இன்பம், வீடு என்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள். வீடு என்றால் விடுதலை, பிறவியிலிருந்து விடுபடுவது என்று கொப்பியில் இருக்கிறது. அதைக் கேட்ட அம்மம்மா, "வீட்டை விட்டால்தான் வீடாமோ? எனக்கு வீடு திரும்பக் கிடைச்ச அண்டைக்குத்தான் விடுதலை" என்றார். 2006இல் போரால் திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரை விட்டு ஓடி, மட்டக்களப்புப் பக்கம் அலைந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்து, 2016இல்தான் சொந்தக் காணியில் கால் வைத்தவர் அவர். பத்திரிகைகள் அதைக் 'காணி விடுவிப்பு' என்று எழுதின. மறியலிலிருந்து, அதாவது சிறையிலிருந்து வந்தாலும் விடுதலை, உயிருக்கும் விடுதலை. எல்லாம் ஒன்றுதானா? மகளுக்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார்:
பிள்ளை, வேர் ஒன்றுதான். பெறு பேறாகும், கெடு கேடாகும், அப்படியே விடு நீண்டு வீடாகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று வகுப்பில் படிப்பித்தது இதைத்தான். ஆனால் விடுகிறவர் யார் என்று பார்க்கவேண்டும். நீதிமன்றத்தில் நீதவான் விடுகிறார், காணியை வைத்திருந்தவர்கள் காணியை விடுகிறார்கள், வீடுபேற்றில் பற்றை விடவேண்டியவர் நாமே. எனக்குக் 'காணி விடுவிப்பு' என்ற சொல்லில் மனம் ஒப்புவதே இல்லை. உரியவரின் நிலத்தை உரியவரிடம் திருப்பி ஒப்படைப்பது அது. விடுவிப்பு என்றவுடன் பிடித்து வைத்திருந்தவர் ஏதோ கொடையாளி போல ஆகிவிடுகிறார். சுதந்திரம் வேறு, தன்னைத் தானே ஆளுதல் என்ற பொருளில் வந்த வடசொல், அதில் விடுகிறவர் கிடையாது. 1948ஐச் சுதந்திரம் என்கிறோம், ஆனால் ஒருவர் மறியலிலிருந்து சுதந்திரமானார் என்று யாரும் எழுதுவதில்லையே.

மூதூர் நானா:
வாத்தியார் சொன்ன காணி விஷயம் சரி, ஆனால் இன்னொருவர் விடுவது எப்போதும் குறைவு என்று எடுக்க வேண்டாம். நாங்கள் மறுமையைப் பேசும்போது ஈடேற்றம் என்போம், ஆனாலும் நோன்பின் கடைசிப் பத்தை நரக விடுதலையின் பத்து என்றுதான் சொல்வோம். அங்கே விடுகிறவன் அல்லாஹ், நாங்கள் கையேந்திக் கேட்கிறவர்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் இல்லை. மனிதனிடம் அவன் எடுத்ததையே கேட்டு நிற்பதுதான் வலி. 2006 ஆகஸ்டில் நாங்களும் மூதூரை விட்டுக் கந்தளாய்க்குப் போனவர்கள்தான், தங்கச்சி. திரும்பி வந்த அன்று எங்கள் உம்மா விடுதலை என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை, "ஊருக்கு வந்திட்டம்" என்று மட்டும் சொன்னார். அம்மம்மாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

கோணேசர் கோயிலடி:
வாத்தியார் ஐயா, ஒரு திருத்தம். சைவ சித்தாந்தப்படி உயிர் தானாகப் பற்றை விட்டுவிட முடியாது, திருவருள் வேண்டும். பாசம் என்றால் உயிரைக் கட்டும் கயிறு, ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று. அது அவிழ்வது பாசநீக்கம், ஆனால் அதோடு முடியவில்லை, அதற்கு மேல் சிவப்பேறு, அதாவது சிவனை அடைவது என்று ஒன்று இருக்கிறது. கயிறு அவிழ்ந்த மாடு தெருவில் நின்றால் அது விடுதலையா? போய்ச் சேர இடம் வேண்டும். சேருவதற்கும் ஓர் அழகான உவமை உண்டு: தாள், தலை இரண்டும் புணர்ந்து தாடலை என்று ஒரே சொல்லாக நிற்கும், ஆனால் தாளும் போய்விடாது, தலையும் போய்விடாது. இறைவனோடு உயிர் சேர்வது அப்படி. அதனால் உங்கள் அம்மம்மா பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. முகாமை விட்டது பாதி, வீட்டைச் சேர்ந்தது மற்றப் பாதி.

சம்பூர்ப் பேத்தி:
எல்லாருக்கும் நன்றி. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நானாவின் ஸலாத்தையும் சொன்னேன். முகாமை விட்டு வந்த திகதி அவருக்கு ஞாபகம் இல்லையாம், பற்றைக்காடு வெட்டிக் கிணறு இறைத்து முதல் வாளி தண்ணீர் குடித்தது மட்டும் ஞாபகமாம். பாசநீக்கம், சிவப்பேறு இரண்டையும் மகள் கொப்பியில் எழுதிவிட்டாள். சோதினையில் இப்படி எழுதினால் புள்ளி போடுவார்களா என்று கேட்கிறாள், வாத்தியார் ஐயாதான் சொல்லவேண்டும்.