வியர்க்காத உடம்போடு நெடுந்தூரம்: எங்களுக்கு நேர்ந்தவை

சென்னையிலிருந்து, ஓட்டப் பயிற்சி செய்பவர்:

எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்னும் மரபணுக் கோளாற்றால் எனக்குப் பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. பற்களும் சிலவே முளைத்தன. சிந்துப் பகுதியில் ஓர் இந்துக் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்களும் உடல்முடியும் குறைந்திருந்ததையும், வெயில் காலத்தில் தோல் வறண்டு அவர்கள் வருந்தியதையும் சார்லஸ் டார்வின் 1875இல் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்தபோது, கோடை முழுவதும் ஈரத்துண்டோடு திண்ணையில் கிடந்த என் தாய்மாமன் நினைவுக்கு வந்தார். இந்தக் கோளாறு பெரும்பாலும் தாய்வழியாகவே ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலையில், 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான பயிற்சியாக நண்பர்களோடு கடற்கரைச் சாலையில் ஓடினேன். எல்லாரையும் போல இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் போதும் என்று நம்பியதுதான் என் பெரும் பிழை. ஓடும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பமாக மாறுகிறது; ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். குடித்த நீர் வியர்வையாகித் தோலுக்கு வராத எனக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது.

பதினோராவது கிலோமீட்டரில் எனக்கு மயக்கமோ வலியோ இல்லை. காரணமில்லாத கோபம்தான் வந்தது. நண்பர் ஏதோ கேட்க, நான் தொடர்பில்லாமல் பதில் சொன்னேனாம். கால்கள் பின்னியதையும் அவர்தான் கவனித்திருக்கிறார். உடனே நிழலில் படுக்கவைத்து, அருகிலிருந்த குழாயில் பிடித்த நீரைக் குடம் குடமாக என்மேல் ஊற்றி, சட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு மருத்துவமனையில் அளந்தபோதும் 39.6 டிகிரி செல்சியஸ் இருந்தது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றும், முதலில் குளிர்வித்துவிட்டு அதன் பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும் என்றும் அங்கிருந்த மருத்துவர் விளக்கினார்.

இப்போது நனைத்த பருத்திப் பனியன் அணிந்து, கையில் தெளிப்பான் புட்டியோடு, ஓட்டமும் நடையுமாகவே செல்கிறேன். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பனியனின் ஈரமும் ஆவியாவதில்லை என்பதால், அன்று வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. தனியாக ஒருநாளும் ஓடுவதில்லை.

திண்டுக்கல்லிலிருந்து, பாதயாத்திரை செல்பவர்:

எனக்குப் பிறவிக் குறை எதுவும் இல்லை. ஒற்றைத் தலைவலிக்காக டோபிரமேட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நிலையில், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். இரண்டாம் நாள் நண்பகலில், தார்ச்சாலையில், உடன் வந்த பெண்களின் ரவிக்கைகள் தொப்பலாக நனைந்திருக்க, என்னுடையது மட்டும் காய்ந்திருந்தது. முருகன் அருளால் எனக்குக் களைப்பே இல்லை என்றுதான் மனதார நம்பினேன். சிறிது நேரத்தில் முகம் தீயாய் எரிந்தது, வாந்தி வந்தது. தண்ணீர்ப் பந்தலில் உட்காரவைத்து, ஈரச்சேலையால் போர்த்தி விசிறினார்கள்.

அந்த மாத்திரை சிலருக்கு வியர்வையைக் குறைத்துவிடும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். சிறுநீர் அவசரத்துக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினினும் அப்படிச் செய்யக்கூடியதாம். நானாக எதையும் நிறுத்தவில்லை. அவரே மருந்தை மாற்றித் தந்தார். அடுத்த ஆண்டு இரவில் மட்டும் நடந்தேன். விடியும் முன் ஒட்டன்சத்திரம் வந்தபோது, என் கழுத்தில் வியர்த்திருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.