கூத்துப் படங்கள் கலங்கலாக வருகின்றன, அவசரம்

கலவை ரோடு: ஊரில் பாரதக் கூத்து நடக்கிறது. நேற்றிரவு எடுத்ததில் ஒரு படமும் தேறவில்லை, முகங்கள் இழுபட்டுப் போயிருக்கின்றன. சிறிய ஜூம் கேமரா. இன்றிரவு கர்ண மோட்சம். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை: ஜூம் எவ்வளவு இழுத்தீர்கள்? ஷட்டர் வேகம் (எத்தனை நொடி திறந்திருந்தது), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) என்ன? பிளாஷ் உண்டா?

ராணிப்பேட்டை வாசி: கை நடுக்கம்தான். முக்காலி வாங்குங்கள், தீர்ந்துவிடும்.

ஒளிவாணன்: படத்தின் விவரத்தைக்கூடப் பார்க்காமல் கேள்வி கேட்கும் பழக்கம் எப்போது ஒழியுமோ. அந்தக் கேமராக்களின் சென்சார் 6 மில்லிமீட்டர் அகலம்தான். பெரிய சென்சாரும் 1.8 வரை அகலமாகத் திறக்கும் லென்ஸும் இல்லாமல் இரவுக் கூத்துக்குப் போகவே கூடாது.

ஆரணிப் பையன்: பிளாஷ் போட்டால் வந்துவிடும் அண்ணா.

கூத்துப் பித்தன்: தம்பி, வேண்டவே வேண்டாம். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். ஆடுபவரின் கண்ணும் கூசும்.

கலவை ரோடு: 40 மடங்கு ஜூம். பின்வரிசையிலிருந்து முழுக்க இழுத்தேன். ஷட்டர் 1/15 நொடி, ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் துளை 6.9. பிளாஷ் இல்லை.

பாலாற்றங்கரை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். துளை எண் கூடினால் துளை சிறிதாகும். உங்கள் லென்ஸ் ஜூம் இழுக்காதபோது 3.3 துளை வரை திறக்கும். 6.9-க்குப் போகும்போது கால்பங்கு வெளிச்சம்கூட உள்ளே வராது. 1/15 நொடியில் கிறுகிறுவென்று சுற்றுகிறவரை எந்த முக்காலியும் நிறுத்தாது. அது கேமராவை மட்டும்தான் நிறுத்தும். முன்னே போய் உட்காருங்கள். ஜூமைத் தொடாதீர்கள். ஐஎஸ்ஓ 3200 வைத்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைக்கும். படத்தில் புள்ளி புள்ளியாக விழும், விழட்டும். கலங்கிய முகத்தை எதனாலும் சரிசெய்ய முடியாது.

மின்சாரம்: 1/125 வேண்டாம், 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். சில சமயம் பட்டை விழும்.

கூத்துப் பித்தன்: பெட்ரோமாக்ஸ் காலத்தில் இந்தத் துடிப்பே இல்லை. அந்த மஞ்சள் ஒளியில்தான் அரிதாரம் உயிரோடு இருந்தது. இந்த ஃபோகஸ் விளக்குகள் கூத்தையே கெடுத்துவிட்டன.

ராணிப்பேட்டை வாசி: பெட்ரோமாக்ஸில் பின்வரிசைக்கு என்ன தெரிந்தது? பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம்.

கூத்துப் பித்தன்: விடிய விடிய ஊரே உட்கார்ந்திருந்ததே! தெரியாமலா உட்கார்ந்தார்கள்?

ஒளிவாணன்: இது கேமரா பற்றிப் பேசும் இழை.

பாலாற்றங்கரை: ஒன்று விட்டுப்போயிற்று. வேடம் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடும். திரை விலகியதும் ஒரு கணம் அசையாமல் நிற்பவர்கள் உண்டு. வசனத்திலும் இடையிடையே நிற்பார்கள். அப்போது தொடர்ச்சியாக ஐந்தாறு படங்கள் எடுங்கள், ஒன்றாவது கூர்மையாக விழும்.

கலவை ரோடு: முன்னால் பாயில் இடம் கிடைத்தது. கர்ணன் திரையை விட்டு வந்ததும் எடுத்த படம் நன்றாக இருக்கிறது, கண்மை கூடத் தெரிகிறது. சுற்றியபோது எடுத்தவை இன்னும் கலங்கல்தான். நன்றி.

மின்சாரம்: 1/100 வைத்தீர்களா? பட்டை விழுந்ததா?

ஆரணிப் பையன்: படத்தைப் போடுங்கள் அண்ணா.