குவாண்டாங்: சிவப்புப் பழமா, நீலப் பழமா, வசவா?

அடிலெய்டுவாசி கேட்டது:
தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் போனபோது ஒரு கடையில் குவாண்டாங் பை (பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் பண்டம்) சாப்பிட்டோம். நல்ல சிவப்பு, நாக்கைச் சுண்டும் புளிப்பு. வீட்டுக்கு வந்து பெயரைத் தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு படத்தில் சிவப்புப் பழம், இன்னொன்றில் பளீரென்ற நீலப் பழம், அதன் கொட்டைதான் ருத்ராட்சம் என்று வேறு போட்டிருக்கிறார்கள். இது போதாதென்று வேலையிடத்தில் ஒரு பெரியவர், ஆளைத் திட்டவும் அந்தச் சொல் உண்டு என்கிறார். எதுதான் சரி? கொஞ்சம் கொட்டை வாங்கி வந்தேன், தொட்டியில் போட்டால் வருமா?

விதைப்பெட்டி:
எல்லாமே சரிதான். நீங்கள் சாப்பிட்டது சாண்டலம் அக்யுமினேட்டம், நம்ம சந்தனத்துக்குப் பங்காளி, வறண்ட நிலத்து மரம். நீலப் பழம் குயின்ஸ்லாந்து, வடக்கு நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகளில் வளரும் எலியோகார்ப்பஸ். அதுவும் ருத்ராட்ச மரமும் ஒரே இனம் என்றே தாவரவியலாளர்கள் பலர் சேர்த்துவிட்டார்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் உறவே கிடையாது. பெயர் விராஜுரி என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது, அவர்கள் குவந்தாங் என்று சொன்னது சிவப்புப் பழத்தை. இரண்டு கொட்டையும் குழிகுழியாக இருப்பதைப் பார்த்துத்தான் குடியேறியவர்கள் நீலத்துக்கும் அதே பெயரை ஒட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. நீங்கள் போன ஃபிளிண்டர்ஸ் பக்கத்து அட்னியமதன்ஹா மக்கள் சிவப்பை உர்ட்டி என்பார்கள், பாலைவனத்தில் பிட்ஜன்ஜாஜரா மொழியில் வயனு. அந்தந்த ஊரில் அந்தந்தப் பெயரைச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றும், கடைப் பலகையில் ஒரே பெயர்தான் என்றாலும்.

காட்டுப்பூனை:
நீலத்தைப் பற்றி ஒன்று. அந்தப் பழத்தோலில் நீலச் சாயமே இல்லை, மயில் இறகு மாதிரி தோலின் நுண்ணமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அது. ஆனால் ருசி சுமார்தான், சதை மெல்லிசு. காசோவரிப் பறவை முழுசாக விழுங்கிவிடும். சிவப்பை ஈமு தின்று கொட்டையை எச்சத்தில் போட்டுவிட்டுப் போகும், அந்தக் கொட்டையைப் பொறுக்கி உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பருப்பை எடுப்பார்கள். சைனீஸ் செக்கர்ஸ் என்ற பலகை விளையாட்டில் காயாகவும் அந்தக் கொட்டை ஓடியிருக்கிறது.

திட்டுக்கு அர்த்தம், அடுத்தவன் காசில் ஒட்டிக்கொண்டு பிழைப்பவன்.

தோட்டக்கார அண்ணன்:
அந்த வசவு மரத்துக்குக் கனகச்சிதமாகப் பொருந்தும் தம்பி! இலை பச்சையாக இருந்து தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும், ஆனால் மண்ணுக்கடியில் பக்கத்துச் செடியின் வேரைக் கவ்வித் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். சந்தனமும் அப்படித்தான், ஊரில் சந்தனக் கன்றுக்குப் பக்கத்தில் துவரை போடுவது அதற்காகத்தானே. அதனால் தனிக் கொட்டையைத் தொட்டியில் போட்டால் முளைத்தாலும் நிற்காது, முளைக்கவே பல மாதம் ஆகலாம். இங்கே வாட்டில் (அகேசியா மரம்) அல்லது தரையில் படரும் மயோபோரம் செடியைத் துணைக்கு வைத்துத் தரையிலேயே நடுங்கள், உரத்தை அள்ளிப் போடாதீர்கள். காய்த்த பிறகு குவாண்டாங் அந்துப்பூச்சியின் புழு பழத்தைத் துளைக்கும், விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். நல்ல பழத்தைப் பாதியாகக் கீறிக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது, வேண்டும்போது இரவு முழுக்க ஊறப்போட்டுச் சர்க்கரையோடு வேகவைத்தால் பைக்கு ஆச்சு.

அடிலெய்டுவாசி:
நன்றி அண்ணா. பின்பக்க வேலியோரம் ஏற்கெனவே ஒரு வாட்டில் நிற்கிறது, அதன் அடியிலேயே போட்டுவிடுகிறேன்.