கம்யூனிட்டி காலேஜில் ரேடியோகிராபி: இரண்டு வருடமா, மூன்று வருடமா?

சுந்தரி: அமெரிக்காவில் ஹைஸ்கூல் முடித்த கையோடு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், சேர்ந்தால் இரண்டே வருடத்தில் எக்ஸ்ரே வேலைக்குப் போகலாம் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் அனாட்டமி, பிசியாலஜி, கணிதம், ஆங்கிலம் எல்லாம் முடித்த பிறகுதான் ரேடியோகிராபிக்கு, அதாவது எக்ஸ்ரே படிப்புக்கு, விண்ணப்பமே போட முடியும். அதற்கு ஒரு வருடம். ஆக மூன்று.

மணிவண்ணன்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டுங்கள் அக்கா. கம்யூனிட்டி காலேஜ் தரும் அசோசியேட் டிகிரி, பேச்சிலருக்கு ஒரு படி கீழே இருப்பது, இரண்டு வருடம். கல்லூரிக் கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

சுந்தரி: கையேடு இடம் கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறது, பிள்ளைகள் வாசல்படி ஏறிய நாளிலிருந்து அல்ல. நான் எக்ஸ்ரே அறையில் கிளினிக்கலுக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு, வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆஸ்பத்திரி எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேரைத்தான் கல்லூரி சேர்க்க முடியும். அதனால்தான் பல ஊர்களில் வெயிட்டிங் லிஸ்ட். கோடையிலும் கிளினிக்கல் உண்டு. மூன்று வருடம் தம்பி, மூன்று.

பிரபு: இரண்டோ மூன்றோ, எதற்கு அசோசியேட்? மூச்சுச் சிகிச்சைப் படிப்பான ரெஸ்பிரேட்டரி தெரபியில் 2018 முதல் பேச்சிலர் கேட்கிறார்கள்.

மணிவண்ணன்: புதிதாகத் தொடங்கும் கோர்ஸ்களுக்குத்தான் அந்த விதி வந்தது. ஏற்கெனவே இருக்கிற அசோசியேட் கோர்ஸ்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பேசுவது எக்ஸ்ரே. எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டுகளுக்குச் சான்றிதழ் தரும் ஏ.ஆர்.ஆர்.டி. அமைப்பின் தேர்வு எழுத 2015 முதல் அசோசியேட் டிகிரியாவது வேண்டும் என்கிறார்கள், பேச்சிலர் கேட்கவில்லை. அசோசியேட் படித்தவரும் பேச்சிலர் படித்தவரும் எழுதுவது ஒரே தேர்வு.

பிரபு: நர்சிங் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் என் மகனின் யுனிவர்சிட்டி படிப்பை மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

மணிவண்ணன்: கடன் எவ்வளவு என்றுதான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பிரபு: என் வீட்டுக் கடன் உங்களுக்கு எதற்கு?

சுந்தரி: உங்கள் பழைய கணக்கை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். அசோசியேட்டை நான் குறைவாகச் சொல்லவே இல்லை. அதில் படித்து வந்தவர்கள் முதல் நாளே நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். நல்ல படிப்பு. ஆனால் இரண்டு வருடத்துக்கு மட்டும் பணம் சேர்த்து வைத்த குடும்பம் நடுவில் திணறுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மூன்று.

நிலா: அக்கா, ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிப் பாடமாக அனாட்டமி முடித்துவிட்டால்?

மணிவண்ணன்: அப்படிக் கேளுங்கள்! இரண்டு வருடம்.

சுந்தரி: எத்தனை பேர் அப்படி முடிக்கிறார்கள்? அறிவியல் பாடம் எடுத்து ஐந்து வருடம் தாண்டினால் சில கல்லூரிகள் மறுபடி படிக்கச் சொல்கின்றன, அதையும் கையேட்டில் பாருங்கள். நிலா, நீ சேரப்போகும் கல்லூரியில் ரேடியோகிராபி கோர்ஸ்களைச் சோதித்து அங்கீகரிக்கும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு என்று முதலில் கேள்.

மணிவண்ணன்: கேட்கட்டும். கோர்ஸ் எத்தனை வருடம் என்றும் கேட்கட்டும். இரண்டு என்பார்கள்.