சிவிலைசேஷன் 6: பிடித்த நகரம் மூன்றாவது முறையாகக் கைநழுவுகிறது

நகரங்களைக் கட்டி ஆளும் சிவிலைசேஷன் 6 வீடியோ கேமை நின்டெண்டோ ஸ்விட்ச் லைட்டில் ரோமை வைத்து ஆடுகிறேன், டிராஜன்தான் தலைவர். கடினம் கிங் லெவல், ‘ரைஸ் அண்ட் ஃபால்’ என்ற கூடுதல் தொகுப்பின் விதிகள். 112வது டர்னில் கோர்கோவின் கிரேக்கத்திடமிருந்து ஆர்கோஸைப் பிடித்தேன், ஆனால் சில டர்னுக்குள் லாயல்டி (நகரம் நம்மிடம் காட்டும் விசுவாசம்) தீர்ந்து நகரம் கலகம் செய்து தனியாகப் போய்விடுகிறது. பழைய சேவ் ஃபைலை எடுத்து மூன்று தடவை ஆடிவிட்டேன், மூன்று தடவையும் இதே கதைதான்.

முதல் தடவை எதுவும் செய்யவில்லை, லாயல்டி டர்னுக்கு 15 குறைந்தது. அடுத்த தடவை பிடித்த உடனே கவர்னர் விக்டரை அனுப்பினேன்; நகரத்தில் அமர மற்ற கவர்னர்களுக்கு 5 டர்ன் ஆகும், அவருக்கு 3 போதும். அவர் அமர்ந்ததும் 8 கூடியது. கடைசியாக விக்டரோடு, காவல் படை உள்ள நகரத்துக்கு லாயல்டி தரும் லிமிட்டானே கொள்கைக் கார்டும் போட்டு, ஒரு லீஜனை (ரோமின் காலாட்படை) நகரத்துக்குள்ளேயே நிறுத்தினேன், இன்னும் 2 கிடைத்தது. ஆக இப்போதும் டர்னுக்கு 5 குறைகிறது. உணவுப் பஞ்சம் இல்லை, அதைப் பார்த்துவிட்டேன்.

காரணம் ஓரளவு புரிகிறது. நான் டார்க் ஏஜில் (லாயல்டி அழுத்தம் குறையும் காலம்) இருக்கிறேன், கோர்கோ கோல்டன் ஏஜில் (அது கூடும் காலம்). கோர்கோவின் ஸ்பார்ட்டா ஆர்கோஸிலிருந்து நான்கே கட்டம் தள்ளி, மக்கள்தொகை 10. என்னிடம் 4 லீஜன், 2 கேட்டபல்ட் (கல்லெறியும் பொறி) மட்டும்தான். ரொம்ப ஆசையாக வளர்த்த ஆட்டம், விட மனசில்லை.

பிடிக்கும் நேரத்தில்தான் நகரத்தை இடிக்க முடியும், அதற்கு முந்தைய சேவ் இருக்கிறது. அதிலிருந்து ஆடினால், ஆர்கோஸை இடித்துவிட்டு ஸ்பார்ட்டாவை நோக்கிப் போவதா, அல்லது ஆர்கோஸை வைத்துக்கொண்டே ஸ்பார்ட்டாவை முற்றுகையிடுவதா?